கட்டுப் பிரித்த பின்: சிங்கப்பூரில் மணிக்கட்டு முறிவும் தொழிலாளர் மீட்சியும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எலும்பு எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதை அவ்வரலாறு விரிவாகக் கூறும். கட்டுப் பிரித்த பின் நோயாளி தம் கையை எவ்வாறு மீட்டுக்கொண்டார் என்னும் வினா அதில் அரிதாகவே எழுகிறது. மணிக்கட்டு முறிவு இவ்வினாவை ஆராய ஏற்றதொரு சான்றாகும்.

டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் ஆரை எலும்பின் கீழ்முனை முறிவை விவரித்துக் கட்டுரை எழுதினார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895இல்தான் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காலிஸின் கட்டுரைக்குப் பின் மாவுக்கட்டும் உலோகத் தகடும் வந்தன. ஆயினும் கட்டுக்குப் பிந்திய கடமை மாறவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த மணிக்கட்டு இறுகிவிடும். கட்டு இருக்கும்போதே விரல்களையும் முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். பிரித்த பின் மணிக்கட்டை மடக்கி நீட்டி, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பி, நாள்தோறும் பலமுறை பயில வேண்டும். பிடிவலிமை திரும்பப் பல மாதங்கள் ஆகும். மருத்துவர் வழிகாட்டலாம், பயிற்சியை நோயாளியே செய்தாக வேண்டும்.

சிங்கப்பூரின் தொடக்ககாலக் கட்டுமானங்கள் பல இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. 1825இல் தொடங்கிய கைதிக் குடியேற்றம் 1873இல் முடிவுற்றது. அவர்கள் கட்டிய புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவர்களுக்குச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் முதலியன சேர்ந்த மெட்ராஸ் சாந்து பூசப்பட்டது. தமிழகத்து நாட்டு வைத்தியரும் முட்டை வெண்கருவைத் துணியில் தோய்த்து, மூங்கில் பத்தை வைத்து எலும்பைக் கட்டுவதுண்டு. சுவரை இறுக்கிய பொருளே எலும்பையும் இறுக்கியது எனலாம். ஆனால் சாந்தின் சேர்மானம் பதிவான அளவுக்கு அதைப் பூசிய கைகளின் நலம் பதிவாகவில்லை.

இந்நிலை சட்டத்தின் வழியே சிறிது சிறிதாக மாறியது. 1975ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 2008இல் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமாக விரிந்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. வெளிநோயாளி விடுப்பில் முதல் 14 நாளும் மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளும் முழு ஊதியம் உண்டு. அதன்பின் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரு பங்கு கிடைக்கும். மருத்துவர் இலகு வேலை பரிந்துரைக்கும் காலமும் புதிய சட்டத்தில் இழப்பீட்டுக்கு உரியதாயிற்று. எலும்பு கூடிய நாளோடு கை குணமாகிவிடுவதில்லை என்பதைச் சட்டம் ஓரளவு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

எனினும் சட்டத்தின் காலமும் வாழ்க்கையின் காலமும் ஒன்றல்ல. வேலை அனுமதி முடிவுற்று, இழப்பீட்டு முடிவுக்காகச் சிறப்பு அனுமதி அட்டையில் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர் பொதுவாக வேலை செய்ய இயலாது. இத்தகையோர் லிட்டில் இந்தியாவை நாடி வந்த நிலையில், ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ அமைப்பு 2008இல் அங்கு இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. கஃப் ரோடு திட்டம் எனப் பெயர் பெற்ற அதை அறப்பணி என்று மட்டும் கருதுவது போதாது. உடற்பயிற்சிக்கு முன்நிபந்தனை உணவு. உறங்க ஓரிடம், மறுசந்திப்புக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம், தம் மொழியில் பயிற்சியை விளக்குவார் ஒருவர் ஆகியனவும் அவ்வாறே.

‘சுயமுயற்சி’ என்னும் சொல் இங்கு மறுஆய்வுக்கு உரியதாகிறது. சொந்த வீடும் ஊதிய விடுப்பும் உள்ளவர் பயிற்சியைத் தவறவிட்டால் அதைச் சோம்பல் எனலாம். அடுத்த மாதம் எங்கே தங்குவது என்று அறியாதவர் தவறவிட்டால் அதே சொல்லை வழங்குவது முறையாகாது. இருவர் கையிலும் முறிந்தது ஒரே எலும்புதான். மீட்சிக்கு அவர்கள் பெற்ற நாள்களே வேறு. தொழிலாளர் வரலாற்றை எழுதுவோர் விபத்து நாளோடும் இழப்பீட்டுத் தொகையோடும் நின்றுவிடாது, இடைப்பட்ட அம்மாதங்களையும் அவரவர் வாய்மொழியிலேயே பதிவுசெய்தல் வேண்டும்.