ஹைபர்நேட் சர்வருக்குள் வந்த கதை

மரக்காணம் உப்பளத்தில் ஒரு லோடு உப்பு ஏறுகிறது. கிளியனூர் வியாபாரியின் கணினியில் அதற்காக இரண்டு பதிவுகள் மாறவேண்டும்: இருப்பு குறையவேண்டும், வாங்கியவர் பேரில் பற்று ஏறவேண்டும். ஒன்று பதிந்து மற்றது பதியுமுன் கரண்ட் போனால் கணக்கு பொய்யாகிவிடும். இரண்டும் சேர்ந்தே பதியவேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதியக்கூடாது. பெரிய ஜாவா மென்பொருள்களில் இந்தப் பொறுப்பு அப்ளிகேஷன் சர்வருடையது. ஜாவா ஆப்ஜெக்டைத் தரவுத்தள அட்டவணையில் எழுதி, திரும்ப எடுத்துத் தருவது ஹைபர்நேட்டின் வேலை. இவ்விரண்டும் ஒத்துப்போவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

2001-இல் ஆஸ்திரேலியாவில் கேவின் கிங் ஹைபர்நேட்டை எழுதத் தொடங்கினார். அப்போது சர்வர்களின் முறைப்படியான வழி, இஜேபி என்ட்டிட்டி பீன். ஒரே ஒரு அட்டவணைக்காகப் பல இன்டர்ஃபேஸ்களும் நீண்ட எக்ஸ்எம்எல் கோப்பும் எழுதவேண்டும். சர்வரை ஓடவிடாமல் எதையும் சோதித்துப் பார்க்கமுடியாது. ஹைபர்நேட்டுக்கோ சாதாரண ஜாவா கிளாஸும் ஒரு மேப்பிங் கோப்பும் போதும், சர்வர் வேண்டியதில்லை. புரோகிராமர்களை அதன் பக்கம் இழுத்தது இந்த எளிமைதான்.

2003-இல் ஜேபாஸ் நிறுவனம் ஹைபர்நேட்டின் முக்கிய உருவாக்குநர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. தனியாக வளர்ந்த ஹைபர்நேட், சர்வருக்குள் தன் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இணைப்பைத் தானே திறக்காமல், சர்வர் ஜேஎன்டிஐ என்ற பெயர்ப் பதிவேட்டில் வைத்திருக்கும் டேட்டாசோர்ஸிலிருந்து வாங்கவேண்டும். தானாகக் கமிட் செய்யாமல், சர்வர் நடத்தும் ஜேடிஏ டிரான்ஸாக்‌ஷனில் பெயரைப் பதிந்துகொண்டு, கமிட்டுக்குச் சற்றுமுன் நிலுவையிலுள்ள எஸ்க்யூஎல் முழுவதையும் அனுப்பவேண்டும். இருப்பைக் குறைக்கும் மெத்தடும் பற்றை ஏற்றும் மெத்தடும் ஒரே செஷனைப் பகிரவேண்டும். அந்த நிறுவனத்தின் ஜேபாஸ் 4 சர்வரில் ஹைபர்நேட்டுக்கென்றே ‘ஹார்’ என்ற தனிப் பொதிவடிவம் இருந்தது. இத்தனைக்குப் பிறகும், சர்வரில் ஒரு பிரதியும் செயலியில் ஒரு பிரதியுமாக ஒரே ஜார் கோப்பு இருந்துவிட்டால், ஒரே பெயருள்ள கிளாஸ் இரண்டுமுறை ஏறி ‘கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன்’ வெடிக்கும். அதைத் தேடித் தூக்கம் இழந்த பொறியாளர்கள் பலர்.

2006 மே மாதம் இஜேபி 3.0 வெளியானது. சன் நிறுவனத்தின் லிண்டா டிமிஷெல் தலைமையேற்ற அந்த வரையறைக் குழுவில் கேவின் கிங்கும் இருந்தார். அதோடு வந்த ஜேபிஏ என்ற வரையறை, அனொட்டேஷன் இட்ட சாதாரண கிளாஸையே என்ட்டிட்டி ஆக்கியது. எந்த டேட்டாசோர்ஸ் என்று ‘பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல்’ கோப்பில் ஒரு வரி சொன்னால் போதும், மீதியைச் சர்வர் பார்த்துக்கொள்ளும். சர்வரின் முறையை மறுத்துப் பிறந்த வழி, சர்வர்களுக்கெல்லாம் பொது முறையானது. அதே ஆண்டு ரெட் ஹாட் ஜேபாஸை வாங்கியது. 2014-இல் வந்த ஜேபாஸ் சர்வரின் புதிய பதிப்பு வைல்டுஃபிளை என்ற பெயரில் வெளியானது. 2020-இல் ஜாவா சர்வர் வரையறைகளின் புதிய தொகுப்பான ஜகார்த்தா ஈஈ 9, பேக்கேஜ் பெயர்களின் ‘ஜாவாஎக்ஸ்’ என்ற முன்னொட்டை ‘ஜகார்த்தா’ ஆக்க, 2022-இல் ஹைபர்நேட் 6 அதற்கு மாறியது.

இன்று வேலைக்குச் சேரும் இளைஞருக்கு இவையெல்லாம் ஸ்பிரிங் பூட்டில் ஒரு அனொட்டேஷனாகக் கிடைக்கின்றன. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நடப்பதை அவர் ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும். எஸ்க்யூஎல் லாகைத் திறந்துவைத்து, இரண்டு பதிவுகளுக்கு நடுவே வேண்டுமென்றே பிழையை எழுப்பி, முதல் பதிவு ரோல்பேக் ஆகிறதா என்று சோதிக்கவேண்டும். பிறர் பணத்தின் கணக்கை எழுதுகிறவருக்குக் கமிட் எந்த நொடியில் நடக்கிறது என்பது தெரிந்திருக்கவேண்டும்.