அடுப்பைத் தேர்ந்தவர் யார்?

அடுப்பொன்றின் தரத்தை அறிய ஆய்வகங்கள் கையாளும் முறை எளியது. அளந்த நீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அளந்த எரிபொருளைக் கொண்டு சூடாக்குவார்கள். எரிபொருளில் அடங்கிய வெப்பத்தில் எத்தனை பங்கு நீரைச் சேர்ந்தது என்பதே அந்த அடுப்பின் வெப்பத்திறன். வீட்டு எரிவாயு அடுப்புகளுக்கான இந்தியத் தரநிர்ணயமாகிய ஐ.எஸ். 4246, இந்த எண் 68 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. மூன்று கல் விறகடுப்புக்கு அது ஏறத்தாழ 10 விழுக்காடு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு எந்த அடுப்பைத் தேர்வது என்ற கேள்வியே எழாது. ஆயினும் இந்தியச் சமையலறையின் கடந்த எண்பதாண்டு வரலாறு அந்தக் கேள்வியாலேயே நிரம்பியிருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் காய்ச்சும் வீடு எங்கும் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். அடுப்பைத் தேர்ந்தவரும் அதன் முன் அமர்ந்தவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள் என்பது இன்னொன்று. கூடுதல் எடை இந்த இரண்டாவதற்கே.

காந்தியின் முயற்சியால் 1934இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. ஜே.சி. குமரப்பா அதை நடத்தினார். எண்ணெய்ச் செக்கும் கைக்குத்தல் அரிசியும் தேனீ வளர்ப்பும் ஆராயப்பட்ட அந்த வளாகத்தில் அடுப்பும் ஆராயப்பட்டது. 1947இல் வெளிவந்த 'மகன் சூலா' மண்ணால் ஆனது. ஒரே தீயின் வெப்பம் ஒன்றுக்கு மேற்பட்ட பானைகளுக்குச் செல்லும், புகை குழாய் வழியே கூரைக்கு மேலே போகும். தமிழ்நாட்டுக் கொடியடுப்பை அறிந்தவருக்கு இதில் பாதி புதிதன்று; முதன்மை வாயில் எரியும் தீ பக்கத்து வாயையும் சூடாக்குவது அதிலும் உண்டு. புதியது புகைபோக்கிதான். அடுத்து ஐதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு இன்னொரு புகையற்ற அடுப்பை வடிவமைத்தார். கோடிக்கணக்கானோருக்குப் புகையற்ற சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளியானது. இந்த முதல் தலைமுறைக்கு அடுப்பின் குற்றம் புகை. அது கண்ணுக்கும் மூச்சுக்கும் செய்யும் கேடு.

1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும் குற்றச்சாட்டு மாறியது. ஏழை நாடுகளின் எரிபொருள் நெருக்கடி பெட்ரோலியம் அன்று, விறகு என்று எரிக் எக்ஹோம் 1975இல் எழுதினார். காடழிவுக்குக் கிராமத்து அடுப்பே பொறுப்பு என்ற எண்ணம் வளர்ச்சித் திட்டக்காரர்களிடையே வேகமாகப் பரவியது. புகை பின்னுக்குப் போக, விறகுச் சிக்கனம் முன்னுக்கு வந்தது. பீனா அகர்வால் தம் 1986ஆம் ஆண்டு நூலான 'கோல்டு ஹார்த்ஸ் அண்ட் பாரன் ஸ்லோப்ஸ்'இல் இந்த எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். காடு அழிவதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. புதிய அடுப்பு பரவாமைக்கோ கிராமத்து ஏற்றத்தாழ்வும் வீட்டுக்குள் பெண்ணின் இடமும் காரணங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். விறகு பொறுக்கும் உழைப்பு பெண்ணுடையது, அதற்குக் கூலி இல்லை. பணம் கொடுத்து வாங்க வேண்டிய அடுப்பைப் பற்றிய முடிவு ஆணுடையது. கூலியில்லா உழைப்பு மிச்சமாவதற்காகப் பணம் செலவிட அவருக்கு என்ன தூண்டுதல்?

இதே காலத்தில் புகையும் திரும்பி வந்தது. கிர்க் ஸ்மித்தும் அவருடைய இந்திய உடன் ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவுக் கருவிகளைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் துகளின் அளவை 1983இல் வெளியிட்டனர். காற்று மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி என்றிருந்த துறைக்கு அது அதிர்ச்சி. அந்த ஆண்டுகளிலேயே மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டமும் தொடங்கியது.

அத்திட்டத்தின் மாதிரிகளில் ஒன்று சண்டிகருக்கு அருகே அரியானாவின் நாடா கிராமத்தில் பிறந்தது. கட்டடக் கலைஞர் மது சரீன் அங்குள்ள பெண்களோடு சேர்ந்து உருவாக்கிய 'நாடா சூலா' அது. வீட்டின் பானை எவ்வளவு பெரியது, எரிப்பது சுள்ளியா சாண வறட்டியா, எந்த உயரத்தில் அமர்ந்து சமைக்கிறார்கள் என்பவற்றைக் கேட்டு, அதற்கேற்பக் கட்டப்பட்ட அடுப்பு. கட்டியவர்களும் பெண்களே. ஆனால் திட்டம் நாடெங்கும் விரிந்தபோது மாநிலத்துக்கு இத்தனை, மாவட்டத்துக்கு இத்தனை என்று இலக்குகள் வந்தன. கணக்கில் ஏறியது கட்டிமுடித்த அடுப்புகளின் எண்ணிக்கை. எரிந்துகொண்டிருக்கும் அடுப்புகளின் எண்ணிக்கை அன்று. 2002இல் நிறுத்தப்படும்வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கணக்கில் ஏறின. வாயின் அளவு பானைக்குப் பொருந்தாததால் இடைவெளியில் புகை கசிந்தது. கூரையைத் துளைத்த குழாயின் ஓரமாக மழைநீர் இறங்கியது. கரி அடைத்த குழாயைத் துடைக்க வேண்டும் என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. சொன்ன இடத்திலும் கூரைமேல் ஏறித் துடைப்பவர் யார் என்பது தீரவில்லை. புகையைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே தேவை. ஓலைக் கூரையைப் பூச்சியிலிருந்து காத்ததும், மேலே கட்டித் தொங்கிய விதைத் தானியத்தை உலரவைத்ததும் அதே புகைதான்.

பிற்காலத்தில் ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் ஒடிசாவில் நான்காண்டுகள் நடத்திய ஆய்வு இந்த அனுபவத்தைப் புள்ளியியல் கண்கொண்டு பார்த்தது. முதலாண்டில் சமைப்பவர் உள்ளிழுத்த புகை குறைந்தது. அதன்பின் பயன் மறைந்தது. மக்கள் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை, காலப்போக்கில் கைவிட்டனர். ஆய்வகத்தில் சரியாக இயங்கிய அதே அடுப்பு வீட்டில் இயங்கவில்லை என்பதே அதன் செய்தி.

கர்நாடகத்தின் குணிகல் வட்டத்திலுள்ள புரா கிராமம் இன்னொரு விதமாக விடை சொன்னது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு அங்கே ஊருக்குப் பொதுவான சாண எரிவாயுக் கலனை அமைத்தது. வாயுவைச் சமையலுக்கு வழங்குவது நோக்கம். கிடைத்த சாணம் எல்லா வீடுகளின் அடுப்புக்கும் போதவில்லை. அதைவிட முக்கியமானது, சமையல் எரிபொருளை ஊரார் ஒரு குறையாக உணரவில்லை. பணம் கொடுக்காமல் சுள்ளி கிடைத்தது. அவர்கள் விரும்பியது தண்ணீர். குழு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அதே வாயுவால் இயந்திரத்தை ஓட்டி மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்களில் வந்தது, விளக்குகளும் எரிந்தன. ரெட்டி இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதினார். இந்திய அடுப்பு ஆய்வுகளில் அத்தகைய நேர்மை அரிது.

இதுவரை சொன்னது கிராமத்து விறகடுப்பின் கதை. நகரத்தில் தேர்வு மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இடையே நிகழ்ந்தது. 1892இல் சுவீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் வகை அழுத்த அடுப்பே நம் நகரங்களின் பம்ப் ஸ்டவ். இரைச்சலும் வேகமும் கொண்டது. துளையில் அடைப்பு ஏறினால் பின் கொண்டு குத்த வேண்டும். திரி ஸ்டவ் மெதுவானது, ஓசையற்றது, மலிவானது. ஒற்றை அறைக் குடித்தனங்களில் இவற்றில் ஒன்றே சமையலறை. ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையே எரிபொருள் கிடங்கு.

பம்ப் ஸ்டவ்வுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1970களின் பிற்பகுதியிலும் அடுத்த பத்தாண்டிலும் வட இந்திய நகரங்களில் இளம் மனைவியர் தீயில் இறந்த செய்திகளில் 'ஸ்டவ் வெடித்தது' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. காவல்துறைப் பதிவேட்டில் அது விபத்து. ஸ்டவ் ஏன் மாமியாரையோ கணவரையோ விட்டுவிட்டு மருமகளையே தேடி வெடிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. 1979இல் தில்லியில் தெருவில் இறங்கின. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் 498அ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணத்துக்கான 304ஆ பிரிவும் சேர்ந்தன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் தீக்காயத்தால் நேரும் மரணத்தைச் சட்டம் தனியே நோக்கத் தொடங்கியது அப்போதுதான். மோசமான ஸ்டவ்களும் உண்மையாகவே வெடித்தன. அந்த உண்மையே கொலைக்கு மறைப்பாயிற்று. அடுப்பு வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்தப் பகுதிக்கு இடமில்லை, வெப்பத்திறன் அட்டவணைகளுக்கு உண்டு.

எரிவாயு முதலில் மும்பை போன்ற பெருநகரங்களில் தனியார் நிறுவனங்கள் வழியே வந்தது. இந்தியன் ஆயிலின் இண்டேன் முதல் இணைப்பு 1965 அக்டோபர் 22 அன்று கொல்கத்தாவில் வழங்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே நடுத்தரக் குடும்பத்தின் வழக்கம். எரிவாயு அடுப்பு வீட்டின் அமைப்பையே மாற்றியது. அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. எனவே மேடை வந்தது. தரையில் அமர்ந்து அரிந்து, அரைத்து, கிளறிய பெண் எழுந்து நின்றாள். இம்மாற்றத்தைத் தனியே எழுதினால் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் பொருள் உண்டு.

ஏழை வீடுகளுக்கு எரிவாயு வந்தது அரசியல் வாக்குறுதியாக. 1999இல் ஆந்திரத்தின் தீபம் திட்டம், 2007இல் தொடங்கித் தமிழ்நாட்டின் இலவச எரிவாயு அடுப்பு, 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா. உஜ்வலாவில் இணைப்பு வீட்டின் வயதுவந்த பெண்ணின் பெயரில் தரப்பட்டது. எட்டுக் கோடி இணைப்பு என்ற இலக்கு 2019 செப்டம்பரில் எட்டப்பட்டது. பெயர் பெண்ணுடையது, உருளை வாங்கும் பணம் யாருடையது என்ற பழைய கேள்வி மட்டும் எஞ்சியது. தொடக்கத்தில் பலருக்கு அடுப்பின் விலையும் முதல் உருளையின் விலையும் கடனாகவே தரப்பட்டு, பின்னர் மானியத்திலிருந்து கழிக்கப்பட்டன. 2018 டிசம்பர் நிலவரப்படி, ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே வாங்கினர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை காட்டியது. 14.2 கிலோ உருளைக் கணக்கில் அது 46 கிலோவுக்கும் குறைவு. ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சமையல் அதற்குள் முடியாது. மிச்சத்தைச் சமைத்தது விறகு.

இதை மக்களின் பழமைப் பற்று என்று விளக்கும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவை நம்பியிருப்பது ஆற்றல் ஏணி என்ற கருத்தை: வருமானம் உயர உயர வீடு சாணத்திலிருந்து விறகுக்கும், மண்ணெண்ணெய்க்கும், எரிவாயுவுக்கும் ஏறும், ஏறியபின் கீழ்ப்படியை விட்டுவிடும். மசேரா, சாத்கேம்ப், கம்மென் மூவரும் மெக்சிகோ கிராமங்களை ஆராய்ந்து 2000இல் எழுதிய கட்டுரை இந்த ஏணியை உடைத்தது. வீடுகள் பழைய அடுப்பை விடுவதில்லை, புதியதை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்கின்றன என்றது அது. இந்தியக் கிராமங்களில் இதன் கணக்கு துல்லியமானது. விடியற்காலைத் தேநீர், குழந்தையின் பால், எதிர்பாராத விருந்தினர், சுள்ளி நனைந்த மழைநாள், காய்ச்சலில் படுத்த நாள் ஆகியவை எரிவாயுவுக்கு. குளிக்க வெந்நீர், மாட்டுத் தீவனம், நெடுநேரம் வேகும் பருப்பு, அடுக்கடுக்கான ரொட்டி ஆகியவை விறகுக்கு. கையில் பணம் எப்போது வரும், உருளை எப்போது தீரும் என்ற இரண்டையும் ஒருசேரக் கணிக்கும் பெண்ணின் திட்டம் இது. எந்த அமைச்சகத்தின் திட்டத்தைவிடவும் நெகிழ்வானது.

தூண்டல் அடுப்பு இந்த வரிசையில் அண்மையது. மின்காந்தப் புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்கும் அது வெப்பத்திறனில் எரிவாயுவை மிஞ்சுகிறது. ஆனால் அது பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும். அலுமினியக் குண்டான், பித்தளை, மண்சட்டி எதையும் ஏற்காது. அடி வளைந்த இரும்பு வாணலியும் சரியாக அமராது. சப்பாத்தியை நேரடித் தீயில் காட்டி உப்பவைக்கும் வழியில்லை. ஆகவே ஓர் அடுப்பை மாற்ற அலமாரி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கிறது, அதன்பின் மின்வெட்டு. பெரும்பாலான நகர வீடுகளில் அது எரிவாயுவின் பக்கத்தில் அமர்ந்திருக்கிறதே தவிர அதன் இடத்தில் அன்று. 2022இல் இந்தியன் ஆயில் வெளியிட்ட சூரிய சமையல் அடுப்புக்கு 'சூர்யா நூதன்' என்று பெயர். அதே நிறுவனத்தின் ஆய்வு மையம் முன்பு உருவாக்கிய மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்வின் பெயரும் 'நூதன்' தான்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21இல் தூய எரிபொருளால் சமைக்கும் குடும்பங்கள் 58.6 விழுக்காடு என்கிறது; முந்தைய ஆய்வில் அது 43.8. வளர்ச்சி உண்மையானது. அந்த ஆய்வு கேட்பது வீட்டில் முதன்மையாகப் பயன்படும் எரிபொருளை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் படிவத்திலும் சமையல் எரிபொருளுக்கு ஒரு கட்டமே உண்டு: விறகு 1, சாண வறட்டி 3, மண்ணெண்ணெய் 5, எரிவாயு 6, மின்சாரம் 7. மூன்று அடுப்பு வைத்திருக்கும் வீட்டுக்கும் அதில் எழுத இடம் ஓர் எண்ணுக்குத்தான்.