வியட்நாமிலேயே விட்டுட்டு வந்த ஹெராயின்

"ஹெராயின் ஒருவாட்டி பிடிச்சுதுன்னா அவ்வளவுதான், ஆள் மீள மாட்டான்." 1971 வாக்கில் அமெரிக்காவில் பல டாக்டர்களுக்கே இந்த எண்ணம்தான். காரணமும் இருந்தது. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், போதை அடிமைகளுக்கென்றே 1935 முதல் அரசு ஒரு இடம் நடத்தியது. பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி. மாதக்கணக்கில் அங்கே இருந்து தெளிந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர், ஊர் போனதும் மறுபடி ஊசியை எடுத்தார்கள்.

இந்த நிலையில் 1971 மே மாதம், ராபர்ட் ஸ்டீல், மார்கன் மர்ஃபி என்ற இரண்டு எம்.பி.க்கள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள்: வியட்நாமில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் ஹெராயினுக்கு அடிமை! அடுத்த மாதமே அதிபர் நிக்சன் ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரைப் பொறுப்பில் அமர்த்தினார். ஜாஃபி கொண்டுவந்த ஏற்பாடு ரொம்ப எளிமை. சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால்தான் ஊருக்கு விமானம். மாட்டினால், தெளியும்வரை அங்கேயே இருக்கணும்.

சரி, ஊர் திரும்பியவங்க என்ன ஆனாங்க? இதைக் கண்டுபிடிக்கும் வேலை செயின்ட் லூயிஸ் நகரச் சமூகவியலாளர் லீ ராபின்ஸிடம் வந்தது. 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் சுமார் 900 பேரை அவர் குழு தேடிப்பிடித்துப் பேசியது. சொன்னது உண்மையா என்று சிறுநீரையும் சோதித்தது. அங்கே இருந்தபோது அடிமையாகவே இருந்தோம் என்றவர்கள், ஐந்தில் ஒருவர். அவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம். மூன்று வருடக் கணக்கிலும் 12 சதவீதம்தான். பெரும்பாலோர் ஊரில் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை.

பலர் இதை நம்பவில்லை. அரசுக்குச் சாதகமாகச் சொல்கிறார் என்ற சந்தேகம்கூட எழுந்தது.

இதிலிருந்து "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று முடிவு கட்டுவது தப்பு. அவர்களில் பாதிப் பேர் ஊரிலும் ஒருமுறையாவது போதையைத் தொட்டிருக்கிறார்கள். படையில் சேரும் முன்பே தடம் மாறியவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம். "எல்லாம் சூழ்நிலைதான்" என்பதும் முழுசாகச் சரியில்லை.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. வியட்நாமில் ஹெராயின் சல்லிசு, சுத்தம். சிகரெட்டில் அடைத்தே புகைக்கலாம். கூடவே பயம், சலிப்பு. ஊரில் விலை அதிகம், சரக்கு மட்டம், போலீஸ் தொல்லை. வேலை, குடும்பம், வேறு கூட்டாளிகள். சிப்பாய் பழகின இடத்தை விட்டு விலகி வந்தான். லெக்சிங்டன் நோயாளியோ தெளிந்த உடம்போடு அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம் திரும்பிப் போனான்.

உடம்பிலிருந்து மருந்தை இறக்க ஒன்றிரண்டு வாரம் போதும். அது சிகிச்சையின் முதல் படி மட்டுமே. அதற்கப்புறம் அவர் எங்கே, யாரோடு, என்ன வேலையில் இருக்கப் போகிறார் என்பதும் சிகிச்சைதான். வெளியே வந்து திரும்ப விழுந்தவரை "இவன் திருந்த மாட்டான்" என்று கைகழுவும் முன், அவரை எங்கே அனுப்பி வைத்தோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.