உயர்மலைப் பகுதிகளில் டர்போ டீசல் சரக்குந்துகள்

உயர்மலைப் பகுதிகளில் டர்போ டீசல் சரக்குந்துகளை இயக்குதல் என்பது, காற்றழுத்தம் குறைந்த இடங்களில் டர்போசார்ஜர் பொருத்திய டீசல் எந்திரங்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது தொடர்பான வாகனத் தொழில்நுட்பம் ஆகும். இந்தியாவில் லடாக் பகுதியில் இதன் தேவை மிகுதி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனம் வடிவமைத்த ஸ்டாலியன் சரக்குந்துகளை இந்தியத் தரைப்படை இங்கு பெருமளவில் பயன்படுத்துகிறது. இவை 1990களின் பிற்பகுதியிலிருந்து ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பொருத்தி முடிக்கப்பட்டன.

வரலாறு

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டு டர்போசார்ஜருக்குக் காப்புரிமை பெற்றார். 1918 இல் அமெரிக்கப் பொறியாளர் சான்போர்டு மாஸ், லிபர்ட்டி என்னும் பெட்ரோல் வானூர்தி எந்திரத்தை ஒரு சரக்குந்தில் ஏற்றி, கொலராடோவில் உள்ள சுமார் 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் சிகரத்திற்குக் கொண்டுசென்று ஆய்வு செய்தார். சமவெளியில் ஏறத்தாழ 350 குதிரைத்திறன் தந்த அவ்வெந்திரம், சிகரத்தில் 230 ஆகக் குறைந்தது. டர்போசார்ஜருடன் 356 குதிரைத்திறன் கிடைத்தது.

காற்றழுத்தமும் எந்திரமும்

சென்னையின் பட்டினப்பாக்கம் போன்ற கடற்கரைப் பகுதிகளில் சராசரிக் காற்றழுத்தம் சுமார் 1013 மில்லிபார். உதகமண்டலத்தில் (2,240 மீ) அது சுமார் 770 ஆகவும், லே நகரில் (3,500 மீ) சுமார் 660 ஆகவும், கர்துங் லா கணவாயில் (5,359 மீ) சுமார் 515 ஆகவும் குறைகிறது. காற்றில் ஆக்சிசனின் விழுக்காடு மாறுவதில்லை. ஆனால் உருளைக்குள் செல்லும் காற்றின் நிறை குறைகிறது.

டர்போசார்ஜர் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. கடல்மட்டத்தில் காற்றை இரு மடங்கு அழுத்தும் ஒரு டர்போ, கர்துங் லாவில் அதே இறுதி அழுத்தத்தைத் தர ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்த வேண்டும். இதனால் அதன் சுழற்சி வேகம் வரம்பை மீறக்கூடும். அழுத்தப்பட்ட காற்றும் மிகுதியாகச் சூடேறும். எனவே இடைக்குளிர்விப்பான் இன்றியமையாதது. மேலும், குறைந்த சுழற்சியில் டர்போ போதிய அழுத்தம் தருவதில்லை. ஆகவே ஏற்றத்தில் நின்ற வண்டியைக் கிளப்பும்போது எந்திரம் திணறும்.

மாற்றியமைக்கப்பட்ட எந்திரங்கள்

திறனைக் கூட்டுவதற்காக எரிபொருள் எக்கியின் அளவைத் திருகி உயர்த்துதல், பெரிய உட்செலுத்திகளைப் பொருத்துதல் ஆகியன பொதுவான மாற்றங்கள். சமவெளியில் சிக்கலின்றி ஓடும் இத்தகைய வண்டி, மலையில் காற்றுப் பற்றாக்குறையால் கரும்புகை கக்கும். வெளியேற்று வளியின் வெப்பம் உயர்வதால் டர்போவின் சுழலித் தகடுகள், ஆடுதண்டுகள் ஆகியவை சேதமடையலாம். ஆளரவமற்ற கணவாயில் எந்திரம் பழுதானால், கடுங்குளிரிலும் ஆக்சிசன் குறைவிலும் சிக்கும் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

உயரத்திற்கேற்பத் தாமே எரிபொருளைக் குறைக்கும் எக்கிகளும், காற்றழுத்த உணரி கொண்ட மின்னணுக் கட்டுப்பாடும் இதைத் தவிர்க்க உதவுகின்றன. மாற்றங்கள் இக்கட்டுப்பாடுகளைச் செயலிழக்கச் செய்யக் கூடாது.

குளிரும் கொதிநிலையும்

கர்துங் லாவில் நீர் சுமார் 82 பாகை செல்சியசில் கொதிக்கும். எனவே குளிர்விப்பு அமைப்பின் அழுத்த மூடி பழுதின்றி இருத்தல் வேண்டும். குளிர்காலத்தில் சாதாரண டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். இதற்காக இந்தியன் ஆயில் நிறுவனம், −33 பாகை வரை பாயும் தன்மையுள்ள குளிர்கால டீசலை 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

இயக்கும் முறை

* சுமையைக் குறைத்து, தாழ்ந்த பற்சக்கரத்தில் ஏறுதல்
* கரும்புகை தோன்றினால் முடுக்கியைத் தளர்த்துதல்
* காற்று வடிகட்டியைத் தூய்மையாக வைத்தல்
* நீண்ட ஏற்றத்திற்குப் பின், டர்போ குளிரும்வரை சில நிமிடங்கள் எந்திரத்தை வெற்றோட்டத்தில் விட்டு நிறுத்துதல்

சட்டநிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது.