வாயின் அச்சு

பல்செட் கட்டிக்கொண்ட பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. பசை குழைத்த தட்டை மருத்துவர் வாயில் அழுத்தி, "குமட்டினாலும் அசையாதீர்கள்" என்று சொல்வது அவர்களுக்கு நினைவிருக்கும். அதுதான் அச்சு எடுப்பது.

1756ஆம் ஆண்டில், பிரஷ்ய மன்னர் பிரடெரிக்கின் பல் மருத்துவரான பிலிப் பாஃப், மெழுகில் வாயின் அச்செடுத்து, அதில் சாந்து ஊற்றி மாதிரி செய்யும் முறையை நூலாக எழுதினார். ஆனால் மெழுகு, வாயிலிருந்து எடுக்கும்போதே வளைந்துவிடும்.

அடுத்து வந்த பொருள்களில் ஒன்று நம் மலாயாக் காட்டிலிருந்து போனது. அதுதான் கெத்தா தாபான். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங்கிற்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணிபுரிந்த டாக்டர் மாண்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிக்கு உறையானது; பல் மருத்துவருக்கும் அச்சுப் பொருளானது. நம் ரப்பர் மரத்தைப் போலச் சீவிப் பாலெடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். காடு எப்படி மிஞ்சும்? அச்சுக்கும் அது முழுதாக உதவவில்லை, ஆறும்போது சுருங்கியது.

1965இல் சுவீடனில் டாக்டர் பிரோனெமார்க், தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டினார். எலும்பு அத்திருகை இறுகப் பற்றிக்கொள்கிறது. இங்கேதான் சிக்கல். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார் இருப்பதால் அது சற்றே அசைந்து கொடுக்கும். பதித்த திருகு அசையாது. அச்சு மயிரிழை பிசகினாலும், மேலே கட்டிய பல் திருகை ஓயாமல் இழுக்கும். நாளடைவில் மேலிருக்கும் மரை கழலும், உடையவும் கூடும்.

பசையை விட்டு ஒளியால் அச்செடுக்கலாம் என்று பிரான்சில் பிரான்சுவா துரே 1973இல் ஆய்வேடு எழுதினார். இன்று சிறு கேமரா வாய்க்குள் போகிறது. ஆனால் ஈறுக்குள் புதைந்த திருகை அது எப்படிப் பார்க்கும்? அதற்குத்தான் ஸ்கேன் பாடி என்னும் சிறு முளை. குழிக்குள் கம்பை நட்டால், வெளியே தெரியும் பாகத்தைக் கொண்டே குழியின் ஆழத்தையும் சாய்வையும் நாம் சொல்லிவிடுவோம் அல்லவா? அதேபோல் முளையைத் திருகில் முடுக்குகிறார்கள். அதன் வடிவமும் அளவும் கணினிக்கு முன்பே தெரியும். படத்தைப் பார்த்துத் திருகின் இடத்தைக் கணக்கிடுகிறது. முளை முழுதாக உட்காராவிட்டால் கணக்கும் தவறும். ஆகவே சில வேளைகளில் எக்ஸ்ரே எடுத்தும் சரிபார்க்கிறார்கள்.

கெத்தா தாபானும் பல் மருத்துவத்தை விட்டுப் போய்விடவில்லை. பல்வேர்ச் சிகிச்சையில் வேரின் துளையை அடைக்க இன்றும் அதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள்.