லால்குடி வழியே ஓர் இருப்புப்பாதை

சோழநாட்டில் இருப்புப்பாதை கடற்கரையிலிருந்தே புறப்பட்டது. மரக்காயர்களின் கப்பல் வணிகத்தால் புகழ்பெற்ற நாகப்பட்டினத்தில் தொடங்கி, கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனியார் அமைத்த பாதை, தஞ்சை வழியாகத் திருச்சியை எட்டிய ஆண்டு 1862.

பின்னர்ச் சென்னையும் மாயவரம், கும்பகோணம், தஞ்சை வழியே திருச்சியோடு இணைந்தது. ஆனால் கழனிகளைச் சுற்றிவந்த அவ்வழி நீண்டது. ஆகவே தென்னிந்திய ரயில்வேயார், விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி, திருவரங்கம் வழியாகத் திருச்சிக்கு ஒரு குறுக்குப் பாதையை அமைத்து, 1920களின் இறுதியில் திறந்தனர். மக்கள் 'கார்டு லைன்' என்பது இதனையே. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் பாலங்கள் எழுந்தன. வயல் சூழ்ந்த லால்குடி, தலைநகருக்குச் செல்லும் நேர்வழியில் அமைந்த ஊராயிற்று.

ஓர் ஊரின் ஏற்றம் மற்றோர் ஊருக்கு இழப்பாவதும் உண்டு. அதே காலத்தில் நாகையின் ரயில்வே பணிமனை, திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

நேர்வழிக்கும் விலை கொடுக்க நேர்ந்தது. 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளத்தால் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலம் சிதைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார்.

இன்று அப்பாதையில் வண்டிகள் விரைகின்றன. பயணம் குறுகியதை எண்ணி மகிழும் நாம், நாகையில் அணைந்த உலைகளையும் மருதையாற்றில் மறைந்த உயிர்களையும் உடன் நினைப்பதே நீதியாகும்.