கணனியின் புரவலர்கள்

சங்ககாலப் பாணன் வறுமையோடு வள்ளலின் வாயிலிற் சென்று நின்றான். வள்ளல் பரிசில் கொடுத்தான், பாணன் பாடினான். அவன் எதைப் பாடினான், எதைப் பாடாது விட்டான் என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பரிசில் கொடுத்தவன் யார் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டுமென இலக்கிய மாணவருக்கு நாம் கற்பித்து வருகிறோம். ஆனால் விஞ்ஞானம் என்று வந்ததும் இக்கேள்வியை மடித்து வைத்துவிடுகிறோம். ஆய்வுகூடத்திலே உண்மை ஒன்றே ஆட்சி செய்கிறது, அங்கே புரவலனுக்கு இடமில்லை என்றொரு நம்பிக்கை நம்மிடையே, முற்போக்காளரிடையேகூட, ஊறிக்கிடக்கிறது. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதற்குக் கணனியின் வரலாற்றைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. கணனியின் பிள்ளைப்பருவம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலேயே கழிந்தது. அப்பிள்ளைக்குப் பாலூட்டியவர் யார் என்ற கணக்கும் மறைந்துபோகவில்லை.

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியிலே ஜோன் அற்றனசோவ் என்பார் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தார். பல மாறிகளைக் கொண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பதற்குத் தம் மாணவர் நாட்கணக்கிற் படும் பாட்டைக் கண்டு, அவ்வேலையை மின்னணு முறையிற் செய்யும் பொறியொன்றை அமைக்க விரும்பினார். கல்லூரி அவருக்கு 650 டொலர் கொடுத்தது. உதவிக்கு அமர்ந்த மாணவர் கிளிபோர்ட் பெரியின் ஊதியமும் அதற்குள் அடக்கம். பின்னர் ஓர் அறநிதியத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் டொலர் கிடைத்தது. பொறி ஏறக்குறைய முடியும் நிலையில் 1942இல் இருவரும் யுத்த வேலைக்குப் போய்விட்டனர். நிலவறையிற் கிடந்த பொறி பின்னர் உடைத்து அகற்றப்பட்டது.

அதற்கு முன்பே, 1941இல், பென்சில்வேனியாவிலிருந்து ஜோன் மோக்லி என்பார் அயோவாவுக்கு வந்து அப்பொறியைப் பார்த்துச் சென்றிருந்தார். 1943 யூன் மாதத்தில் அமெரிக்கத் தரைப்படை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. பீரங்கியை எந்தக் கோணத்தில் உயர்த்தினாற் குண்டு எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் காட்டும் அட்டவணைகள் படைக்குத் தேவைப்பட்டன. அவற்றைக் கையாற் கணித்துத் தீராது. ஆகவே பொறி வேண்டும். மோக்லியும் எக்கேட்டும் அமைத்த அந்தப் பொறியே எனியாக். ஏறத்தாழ 18,000 வால்வுகள். 30 தொன் எடை. செலவு ஐந்து இலட்சம் டொலருக்குச் சற்றுக் குறைவு. 650 டொலரையும் இத்தொகையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று. சமன்பாட்டோடு மாரடித்த மாணவனுக்குக் கிடைத்தது முன்னையது. பீரங்கிக்குக் கிடைத்தது பின்னையது.

பீரங்கி அட்டவணைக்கென்று அமைத்த அப்பொறி முடிவதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது. எனினும் பொறி சும்மா இருக்கவில்லை. 1945இன் இறுதியில் அதற்கு இடப்பட்ட முதற் பெருங்கணக்கு, லொஸ் அலமோசிலிருந்து வந்த ஐதரசன் குண்டுக் கணக்கு. 1946 பெப்ரவரியில் அதனைப் பகிரங்கமாகக் காட்டியபொழுது பத்திரிகைகள் வியந்து எழுதின. அதனை இயக்குவதற்கான நிரல்களை வகுத்த ஆறு பெண்களின் பெயரை எழுத மறந்துபோயின. இது தனியே ஒரு கட்டுரைக்குரிய விடயம். அவ்வாண்டிலேயே ஆக்கவுரிமை யாருக்கு என்ற தகராறிலே மோக்லியும் எக்கேட்டும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறித் தனியார் கம்பனி தொடங்கினர். படையின் பணத்தில், அதாவது குடிமக்களின் வரிப்பணத்தில், பிறந்த அறிவு கம்பனியின் உடைமையாகும் பாதை அப்பொழுதே திறந்துவிட்டது. 1973இல் நீதிமன்றமொன்று அந்த ஆக்கவுரிமை செல்லாதெனத் தீர்த்தது. தன்னியக்க மின்னணுக் கணனியின் கருத்து அற்றனசோவிடமிருந்து பெறப்பட்டதென அத்தீர்ப்பு கூறிற்று. 650 டொலர்ப் பொறிக்கு முப்பதாண்டு கழித்துக் கிடைத்த நீதி அது.

வரிப்பணத்தில் விளையும் அறிவு யாருக்குச் சொந்தம் என்ற இவ்வினாவை அமெரிக்கர் எழுப்பாமலில்லை. மேற்கு வேர்ஜீனியாவின் செனற்றர் ஹார்லி கில்கோர் யுத்த காலத்திலேயே அதனை எழுப்பினார். அரசாங்கம் விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுக்கட்டும்; ஆனால் அப்பணத்தில் விளையும் கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாக இருக்கட்டும்; பணம் நான்கு பெரிய கலாசாலைகளுக்கு மட்டும் போகாமல் எல்லா மாநிலங்களுக்கும் பகிரப்படட்டும்; எந்த ஆய்வு வேண்டும் என்று தீர்மானிக்கும் சபையில் விஞ்ஞானியோடு தொழிலாளரின் குரலும் ஒலிக்கட்டும். இதுவே அவரது திட்டத்தின் சாரம். அவர் சோசலிஸ்டு அல்லர்; ரூஸ்வெல்ற்றின் சீர்திருத்த வழியில் வந்த ஜனநாயகக் கட்சிக்காரர். எனினும் அத்திட்டத்தைக் கண்டு பெருங்கம்பனிகளும் பெரிய பல்கலைக்கழகங்களும் ஒருங்கே வெருண்டன. யுத்தகால ஆராய்ச்சியின் தலைவராயிருந்த வன்னிவர் புஷ் 1945இல் மாற்று அறிக்கையொன்றை வெளியிட்டார். பணம் அரசினுடையது, தீர்மானம் விஞ்ஞானிகளுடையது என்பது அதன் உட்கிடை. இரண்டுக்கும் இடையில் வாதம் ஐந்தாண்டு நடந்தது. 1947இல் நிறைவேறிய சட்டமூலத்தை, மக்களுக்குப் பொறுப்புக் கூறாத அமைப்பிடம் மக்கள் பணத்தை ஒப்படைக்கலாகாதென்று ட்ரூமன் தடுத்தார். தேசிய விஞ்ஞான நிறுவனம் 1950இலேயே பிறந்தது. அதன் முதலாண்டு ஒதுக்கீடு 2,25,000 டொலர்; எனியாக்கின் விலையிற் பாதியுமில்லை.

அரசியல்வாதிகள் வாதிட்டுக்கொண்டிருந்த அவ்வைந்தாண்டில் வெற்றிடத்தை நிரப்பியது கடற்படை. 1946இல் நிறுவப்பட்ட அதன் ஆராய்ச்சி அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாக வாரி வழங்கியது. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பொரஸ்ரர் அமைத்த ‘வேர்ள்விண்ட்’ என்னும் கணனி இதற்கு நல்ல சான்று. விமானிகளைத் தரையில் வைத்துப் பயிற்றுவதற்கான பொறியாகத்தான் அது தொடங்கிற்று. உடனுக்குடன் விடை தரும் பொதுக்கணனியாக வளர்ந்ததோடு செலவும் வளர்ந்து, ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலரை எட்டியது. கடற்படை முகம் சுளித்தது. திட்டம் நின்றுவிடும் போலிருந்தது. அவ்வேளையில், 1949 ஓகஸ்டில், சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டைப் பரிசோதித்தது. வட துருவத்தைத் தாண்டி வரும் குண்டு விமானங்களை ராடரின் உதவியோடு கண்டறியும் கணனி வேண்டுமென விமானப்படை ஓடி வந்தது. வேர்ள்விண்ட் பிழைத்தது. அதிலிருந்து விளைந்த பாதுகாப்பு வலையமைப்பு 1960களின் தொடக்கத்தில் முற்றுப்பெற்றபொழுது, அதனாற் பிடிக்கவியலாத ஏவுகணைகள் வந்துவிட்டன. நாட்டைக் காத்ததோ இல்லையோ, அவ்வேலையை ஒப்பந்தத்தில் எடுத்த ஐ.பீ.எம். கம்பனி அதனால் வளர்ந்தது.

அத்திலாந்திக்கின் மறுகரையில் நடந்தது சிறிது வேறு. கேம்பிரிட்ஜிலே மொரிஸ் வில்க்ஸ் அமைத்த எட்சாக் என்னும் கணனி 1949 மே 6இல் இயங்கிற்று. அதற்கு உதவிய வெளியார் லயன்ஸ் என்ற தேநீர்க்கடைக் கம்பனியார். அவர்கள் 3,000 பவுணும் ஓர் உதவியாளரையும் கொடுத்தனர். கைம்மாறாகப் பெற்ற அறிவைக்கொண்டு 1951இல் தமக்கென ஒரு கணனியை அமைத்து, வெதுப்பகக் கணக்கை அதிற் போட்டனர். படைக்குப் பதிலாக ஒரு வணிகன் புரவலனாயின் கணனி குண்டை விட்டுப் பணிசைக் கணக்கெடுக்கும் என்பதற்கு இது சான்று. அக்காலத்தில் பிரித்தானியர் அருந்திய தேயிலையின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றதென்பதை நம் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

புரவலனை மறுத்தவர்களும் இருந்தனர். மசச்சூசெற்ஸ் கழகத்துக் கணித மேதை நோர்பேட் வீனரிடம், யுத்தகாலத்தில் அவர் எழுதிய ஆய்வொன்றின் பிரதியை விமானக் கம்பனியொன்றைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் கேட்டார். ஏவுகணைக்குப் பயன்படப்போகும் அதனைக் கொடுக்க வீனர் மறுத்தார். மறுத்த கடிதத்தை 1947 ஜனவரியில் பத்திரிகையிலும் வெளியிட்டார். 1949இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ற்றர் ரொய்தருக்கு எழுதி, தானியங்கிப் பொறிகள் கொண்டுவரப்போகும் வேலையின்மையைப் பற்றி எச்சரித்தார். கணனி ஆராய்ச்சியாளர் ஒருவர் படைத்தலைவனை விட்டுத் தொழிற்சங்கத்தை நாடிய அரிய சந்தர்ப்பம் இது. ஆனால் சங்கத்திடம் ஆய்வுகூடம் கட்டும் பணம் இருக்கவில்லை.

1957இல் ஸ்புட்னிக் வானிற் பறந்தது. அடுத்த பெப்ரவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின்கீழ் ‘அர்ப்பா’ என்ற முகவரகம் தோன்றியது. அதன் கணனிப் பிரிவுக்கு 1962இல் தலைவராக வந்த லிக்லைடர் ஓர் உளவியலாளர். இங்கே நம் நண்பர்கள் சிலர் வழமையாகச் சொல்லும் வாய்பாடு பொருந்தாது போகிறது. இராணுவப் பணம் என்றால் கட்டளையும் கண்காணிப்பும் இரகசியமும் உடன்வரும் என்று எதிர்பார்ப்போம். லிக்லைடரோ நல்லாரைத் தேடிப்பிடித்து, பல ஆண்டுகளுக்குப் போதிய பணத்தைக் கொடுத்து, பெரும்பாலும் அவர்தம் போக்கில் விட்டார். 1963இல் மசச்சூசெற்ஸ் கழகத்துக்கு 20 இலட்சம் டொலர் சென்றது. ஒரே கணனியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறை அப்பணத்தில் வளர்ந்தது. இன்று ஆசிரியரும் மாணவரும் கையில் ஏந்தியிருக்கும் இணையத்தின் மூதாதையும் அர்ப்பாவின் பிள்ளையே. இவற்றை உருவாக்கிய இளைஞர் பலர் தாம் சுதந்திரமாகவே வேலை செய்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அச்சுதந்திரம் மெய்யானது, ஆனால் யாருடைய சுதந்திரம்? விண்ணப்பங்களைப் பலர் கூடி நிறுத்துப் பார்க்கும் முறை அங்கில்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுத்தார். மசச்சூசெற்ஸ், ஸ்ரான்போர்ட், கார்னெகி முதலிய சில கலாசாலைகள் கொழுத்தன. கில்கோர் அஞ்சியது அவ்வாறே நடந்தது. ஆய்வாளன் தன் வினாவைத் தானே தெரிந்தெடுத்தான். ஆனால் வினாக் கேட்கும் தகுதியை யாருக்கு அளிப்பது என்பதைப் பென்ரகன் தெரிந்தெடுத்தது.

1969இல் இம்முரண்பாடு வெடித்தது. வியட்நாம் யுத்தம் உச்சத்திலிருந்த அவ்வாண்டு மார்ச் 4இல் மசச்சூசெற்ஸ் கழகத்தின் மாணவரும் விஞ்ஞானிகளும் ஒருநாள் ஆராய்ச்சியை நிறுத்தி, விஞ்ஞானத்தை யுத்தத்திலிருந்து சமுதாயத் தேவைகளுக்குத் திருப்புமாறு கோரினர். ஒக்ரோபர் 29இல் கலிபோர்னியாவில் அர்ப்பாவின் வலையமைப்பு வழியே முதற் செய்தி சென்றது. இரண்டு எழுத்துப் போனதும் பொறி நின்றுவிட்டது. சில நாட்களில், நவம்பர் தொடக்கத்தில், கழகத்தின் கருவி ஆய்வுகூட வாயிலை மறித்த மாணவரைப் பொலிசார் விரட்டினர். அப்பொல்லோ விண்கலத்தைச் சந்திரனுக்கு வழிகாட்டியதும், பொலாரிஸ் ஏவுகணைக்கு வழிகாட்டியதும் அந்த ஆய்வுகூடமே.

இலினோய் பல்கலைக்கழகத்திலும் இதே கதை. அங்கே அர்ப்பாவின் பணத்தில் இலியாக் நான்கு என்ற மாபெருங் கணனி உருவாகி வந்தது. அதன் நேரத்திற் பெரும்பகுதி பாதுகாப்புத் துறைக்குரியதென்பதை 1970 ஜனவரியில் மாணவர் பத்திரிகை வெளிப்படுத்தியது. கிளர்ச்சி மூண்டது. முடிவில் அக்கணனி பல்கலைக்கழகத்துக்கு வராமலே கலிபோர்னியாவிலுள்ள நாசா நிலையமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

சோசலிச நாட்டில் இவ்விக்கல் தானே தீர்ந்துவிட்டது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் மொஸ்கோ அரசினர் பல்கலைக்கழகத்தில் 1958இல் புருசென்ற்சோவ் குழுவினர் அமைத்த ‘சேத்துன்’ கணனியின் கதை வேறு பேசுகிறது. இரண்டுக்குப் பதிலாக மூன்றை அடியாகக் கொண்டு கணித்த அப்பொறி மலிவானது. பல்கலைக்கழகங்கள் அதனை விரும்பிக் கேட்டன. ஏறத்தாழ 50 பொறிகள் செய்யப்பட்டபின், 1965இல் அதிகாரிகள் உற்பத்தியை நிறுத்தினர். அங்கும் பயன்படுத்துவோன் வேறு, தீர்மானிப்போன் வேறு.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1969இன் முடிவில் செனற்றர் மான்ஸ்பீல்ட் கொண்டுவந்த திருத்தமொன்று சட்டமாயிற்று: இராணுவத் தொழிற்பாட்டோடு நேரடித் தொடர்பில்லாத ஆராய்ச்சிக்குப் பாதுகாப்புத் துறை பணம் கொடுத்தலாகாது. பல்கலைக்கழகங்களை இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிப்பதே அவர் நோக்கம். விடப்பட்ட ஆராய்ச்சியைத் தேசிய விஞ்ஞான நிறுவனம் பொறுப்பேற்கும் என அவர் நம்பினார். அது ஒரு பகுதியையே ஏற்றது. எஞ்சியவருள் யாருடைய ஆய்வு யுத்தத்துக்குத் தொலைவிலிருந்ததோ அவரே முதலிற் பட்டினி கிடந்தார். மற்றவர் தத்தம் ஆய்வு படைக்கு எவ்வாறு உதவும் என்று விண்ணப்பத்தில் எழுதப் பழகினர்.

மசச்சூசெற்ஸ் மாணவர் கோரியது கருவி ஆய்வுகூடத்தைத் துரத்துமாறு அன்று. அங்குள்ள அறிவை வீடு, போக்குவரத்து, வைத்தியம் முதலிய தேவைகளுக்கு மாற்றுமாறு அவர்களிற் பலர் கேட்டனர். கழகம் அமைத்த ஆய்வுக்குழுவும் ஏறத்தாழ அதையே சிபார்சு செய்தது. முயற்சியும் நடந்தது. ஆனால் வீடமைப்புக்கோ வைத்தியத்துக்கோ படைக்கு நிகராகப் பணம் கொடுக்கும் புரவலர் எவரும் வாயிலில் நிற்கவில்லை. அத்தகைய புரவலரை உருவாக்கியிருக்கக்கூடிய சட்டமூலம் 1940களிலேயே தோற்றிருந்தது. 1970 மே மாதத்தில் ஆய்வுகூடத்தைப் பிரித்துவிடுவதாகக் கழகம் அறிவித்தது. 1973இல் அது தனி நிறுவனமாயிற்று. நகரத்தை விட்டும் அது போகவில்லை; கழகத்துக்கு அண்மையிலேயே கட்டடம் எழுப்பிக்கொண்டு, பொலாரிசுக்குப்பின் வந்த டிரைடென்ற் ஏவுகணைக்கும் வழிகாட்டும் கருவியை அங்கேயே வடிவமைத்தது.